காலை எடுத்தால் நிற்கிற மெஷின்

அந்தோணி, என் ஆசை மச்சானே,

உனக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வசந்தி டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது இங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான். அதையும் மெதுவாகத்தான் சுற்ற விட்டிருக்கிறேன். வேகமாகச் சுற்றினால் எழுந்துபோய் அணைத்துவிடுவேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் ஸ்டெல்லா தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள். அவளோடு கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான். நீ நம்பமாட்டாய். எனக்கே இன்னும் சரியாக நம்பிக்கை வரவில்லை. எப்படி நடந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால், ஒரு தையல் மெஷினுக்கா இத்தனை என்பார்கள்.

யாராவது இதை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நீயும் நானும் ஒரே கம்பெனி. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற இடம். உனக்கு பெல்ட்டுப் பக்கம் வேலை, நான் ஃபிட்டர். இரும்புத் துண்டுகளைச் சுமந்துகொண்டு மேலே ஏறுகிற அந்த அகலமான பெல்ட்டின் அடியில் ஒரு உருளை சுற்றும். அதை மூடியிருந்த தகட்டைச் சுத்தம் செய்யக் கழற்றினார்கள். திருப்பி மாட்டவில்லை. மாட்டச் சொல்லி நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். ஒருநாள் அந்த உருளை உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். அடித்ததும் நின்றிருக்க வேண்டாமா? நிற்கவில்லை மச்சான். கரண்டு போன பிறகும் தன் வேகத்திலேயே சுற்றிவிட்டுத்தான் நின்றது.

பொத்தானை அடித்ததற்கும் அது நின்றதற்கும் நடுவில் இருந்த அந்த நேரத்திலேயே நான் இன்னும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கம்பெனிக்குப் போகவில்லை. திருப்பாச்சூரில் வசந்தியின் அம்மா வீட்டோடு வந்துவிட்டோம். திருவள்ளூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி, கீல், தாழ்ப்பாள் எடுத்துக் கொடுக்கிறேன். டிரில்லிங் மெஷின் வாங்க யாராவது வந்தால், ஓட்டிக் காட்ட என்னோடு வேலை செய்கிறவரைக் கூப்பிட்டுவிட்டு நான் குடோனுக்குப் போய்விடுவேன். வசந்தி மிக்ஸியில் சட்னி அரைப்பது நான் குளிக்கப் போகிறபோதுதான். இதை அவளாகவே வழக்கமாக்கிக்கொண்டாள். நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவதையே விட்டுவிட்டேன். ஸ்டெல்லா மட்டும் அவ்வப்போது போன் பண்ணுவாள். "நாஷ்டா ஆச்சாண்ணா? அண்ணி நல்லாக்குதா?" என்பாள். வேறு ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே பேசிவிட்டு வைப்பேன்.

ஒருநாள் அவள் வேறு விஷயம் சொன்னாள். நீ போன பிறகு அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் இல்லையா, அங்கே ஆள் குறைக்கிறார்களாம். கேன்டீன் பெண்களை மெஷின் லைனுக்கு மாற்றப் போகிறார்களாம்.

"நான் போமாட்டேண்ணா. அந்த ஷெட்டுக்குள்ள காலெடுத்து வச்சா எனக்கு மூச்சே வர்ல. சர்ச்சுல தையல் சொல்லித் தராங்கோ, சேந்துக்கினேன். ஊட்டுல ஒரு மெஷின் இருந்தா தான் கை பழகும்ன்றாங்க. எனக்கு இன்னா தெரியும்? நீதான் மெஷினு பத்தி தெரிஞ்ச ஆளு. நீ வந்து ஒண்ணு பாத்துக் குடுண்ணா."

மெஷின் தெரிந்த ஆள்! நானா? முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சரிம்மா என்றுவிட்டேன்.

லீவு போட்டுக் கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறினேன். பொன்னேரி தாண்டியதும் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டேன். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், டிபன் பையும் ஐடி கார்டுமாக, நாம் வந்த மாதிரியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உன் முதுகைத் தேடினேன் என்று சொன்னால் சிரிப்பாயா?

பஜாரில் ஒரு தையல் மெஷின் கடை. ஒரு அம்மா நடத்துகிறார். ஸ்டெல்லா முன்னாடியே வந்து காத்திருந்தாள். இளைத்துவிட்டாள் மச்சான். என்னைப் பார்த்ததும் கடைக்காரம்மாவிடம், "இவரு தான் எங்க அண்ணன்" என்றாள். அவ்வளவு தைரியமாகச் சொன்னாள்.

கடைக்காரம்மா நல்ல மாதிரி. பூ வேலை, பட்டன் துளை எல்லாம் போடுகிற வெள்ளை மெஷின் ஒன்றைக் காட்டினார். அப்புறம் மோட்டார் மாட்டிய ஒன்றை இழுத்து வைத்து, "இப்ப பாரு தம்பி" என்று பெடலை ஒரே அழுத்தாக அழுத்தினார்.

சின்னச் சத்தம்தான். நம் கம்பெனியில் அதைச் சத்தம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ கடையின் சுவர் எல்லாம் தள்ளிப் போனது. ஊசி தெரியவில்லை, ஒரு கோடு மட்டும் மேலும் கீழும் தெரிந்தது. "ரயிலுக்கு டைமாச்சு ஸ்டெல்லா, அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்துவிட்டேன். அவள் "அண்ணா, இன்னாண்ணா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வரை ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம், நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள்தான் வந்து சொன்னாள். "ஸ்டெல்லா போன் பண்ணுச்சு. நீ வர மாட்டன்னு நெனச்சிக்கினு அதுவே ஒரு மெஷின் வாங்கிடுச்சாம். ஏதோ கார்மெண்ட்ஸ் கம்பெனில கழிச்சுப் போட்ட பவர் மெஷினாம். பழைய மெஷின் விக்கிற ஆளு கொண்டாந்து ஊட்ல எறக்கிட்டுப் போய்ட்டானாம்."

பவர் மெஷின் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். கம்பெனிகளில் நாள் முழுக்கத் தைக்கிறவர்களுக்கான மெஷின் அது. பழைய மாடலில் மேஜைக்கு அடியில் பெரிய மோட்டார் இருக்கும். சுவிட்சைப் போட்டால் நீ தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது பாட்டுக்குச் சுற்றும். காலை வைத்தால் கையில் இருக்கிற துணி பறக்கும். தைக்கவே தெரியாத பெண்ணுக்கு அதை விற்றிருக்கிறான். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது.

"ஞாயித்துக்கெழம நான் போறேன்" என்றேன்.

"நான் வேணா கூட வரட்டா?" என்றாள் வசந்தி.

வேண்டாம் என்றேன். நான் எப்படி இருப்பேன் என்று அவள் பார்க்க வேண்டாம் என நினைத்தேன்.

ஆரம்பாக்கத்தில் உன் தெரு அப்படியேதான் இருக்கிறது. பின்பக்கம் வயலில் நாற்று நட்டிருந்தார்கள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வரும்போதே அந்த ஊம் சத்தம் கேட்டுவிட்டது. ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு உன் மகள் பிளெஸ்ஸி உள்ளே இருப்பாளே என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வராமல் இருந்திருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

உள்ளே போனேன். பிளெஸ்ஸி இல்லை, சண்டே கிளாஸுக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா மட்டும் நைட்டியும் தோளில் துண்டுமாக மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தேய்ந்துபோன மெஷின் என்பதால், காலை அழுத்துவதற்கு முன்பே மேஜைக்கு அடியில் பெல்ட்டு மூடியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. காலை அழுத்தினாள். துணி சர்ரென்று முன்னால் பாய்ந்தது. பயந்துபோய் "யம்மா" என்று கத்தினாள். பயந்தால் கால் மேலே எழும்பும் என்றுதானே நினைப்போம்? எழும்பாது மச்சான், இன்னும் கெட்டியாக அழுத்தும். அவள் அப்படியே அழுத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். தோளில் இருந்த துண்டின் நுனி பெல்ட்டில் விழுந்தது.

பெல்ட்டு அதைப் பிடித்தது.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறேன். நாற்காலியோடு விழுந்திருக்கிறாள். துண்டு அவள் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு போய் மேஜைக்குக் கீழே மறைந்தது. நான் சுவரில் இருந்த சுவிட்சை அடித்தேன்.

அது நிற்கவில்லை. ஊம் என்று சுற்றியது. துண்டைக் கிழித்துக்கொண்டு, டப் டப் என்று மேஜையில் அடித்துக்கொண்டு சுற்றியது. நான் சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. எடுத்தால் அது திரும்பவும் ஓட ஆரம்பித்துவிடும் போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி நின்றது. நின்ற பிறகும் நான் "ஆஃப் பண்ணிட்டேன், ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சின்ன சிராய்ப்பு. கழுத்தில் துண்டு உரசிய சிவப்பு. அவ்வளவுதான். நீ பயப்படாதே.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி என் சட்டையில் கொட்டியது. அவளும் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

அப்புறம் கேட்டாள். "அண்ணா, அன்னிக்கி நீ அங்க இருந்தியா?"

இத்தனை காலம் எந்தக் கேள்விக்குப் பயந்து போனை வைத்தேனோ அது வந்துவிட்டது. பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"இருந்தேம்மா. பக்கத்துலயே இருந்தேன்."

அவள் முகம் மாறியது. அழுவாள் என்று நினைத்தேன். "கம்பெனிலேர்ந்து வந்தவங்க, அந்த டைம்ல பக்கத்துல ஒருத்தருமே இல்லன்னு சொன்னாங்கண்ணா. நானும் அப்டியே நெனச்சிக்கினு கீறேன். அவரு கத்தியிருப்பாரு, யாருக்கும் கேட்ருக்காதுன்னு. படுத்தா அதே தான். சாமி கும்புடப் போனா அதே தான். தனியா, ஒருத்தருமே இல்லாம..."

எனக்கு இது தெரியாது அந்தோணி. இவள் இந்தப் பயத்தோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவள் கேட்டுவிடுவாளே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ தனியாகக் கிடந்தாய் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தனியா இல்லம்மா. நான் பட்டன அடிச்சேன். அது நிக்கல. நின்ன ஒடனே அவன மடியில தூக்கி வச்சிக்கினேன்."

"எதாச்சும் சொன்னாரா?"

உன் பேரைத்தான் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில், உன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வாய் வரவில்லை. "என் பேரத் தாம்மா சொன்னான். சேகரு, ஆஃப் பண்ணுடான்னான். பண்ணிட்டேன்டான்னு சொன்னேன். அது அவனுக்குக் கேட்டுச்சு. என்னப் பாத்தான். அப்புறம் கண்ண மூடிக்கினான்."

உனக்குக் கேட்டதுதானே? நான் சரியாகத்தான் சொன்னேனா?

ஸ்டெல்லா நைட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிண்ணா" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "சரிண்ணா. பக்கத்துல ஆளு இருந்துக்குது" என்றாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடாக்கினாள். அன்று நான் உன் வீட்டில் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. நிறையச் சாப்பிட்டேன்.

விற்ற ஆளை மறுநாளே வரச் சொல்லி அந்தப் பவர் மெஷினை எடுத்துப் போகச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் திரும்ப அந்த அம்மா கடைக்குப் போனோம்.

இந்தத் தடவை நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். "நான் கேக்குற வரைக்கும் எதையும் ஓட்டாதீங்கம்மா. எனக்குக் கொஞ்சம் பயம்." அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. பெரிய மனது.

"கால எடுத்தா எவ்ளோ நேரத்துல நிக்கும்?" ஒவ்வொரு மெஷினுக்கும் இதையே கேட்டேன்.

"நீ இன்னா தம்பி, பஸ்ஸா வாங்க வந்துக்கிற? பிரேக்கு கேக்குற!" என்று சிரித்தார். ஸ்டெல்லாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

வெள்ளை மெஷினை வேண்டாம் என்றோம். அத்தனை விதத் தையலும் பழகுகிறவளுக்கு எதற்கு? நேர்த்தையல் ஒன்று ஒழுங்காக வந்தால் போதும். தவிர அதில் பாதி பிளாஸ்டிக். ஒன்று போனால் கும்மிடிப்பூண்டியில் பார்ட்ஸ் கிடைக்காது என்று அந்த அம்மாவே ஒத்துக்கொண்டார். கடைசியில் மூலையில் இருந்த கறுப்பு மெஷினைக் காட்டினார். தலை முழுக்க இரும்பு, கீழே இரும்பு ஸ்டாண்டு, காலால் மிதிக்கிறது. மோட்டாரே கிடையாது.

"இதான் பழகுறவங்களுக்கு. நீ மிதிச்சா ஓடும், உட்டா நிக்கும். ஊசியும் எண்ணெயும் எந்தக் கடைலயும் கெடைக்கும்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். நானே உட்கார்ந்தேன் மச்சான். முதலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் இடறவில்லை, ஆட்டமும் இல்லை. ஊசி துளைக்கு நடுவில் சரியாக இறங்கியது. பெல்ட்டு மெல்லிசுத் தோல், சுண்டு விரல் அகலம் கூட இல்லை. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் நேரம் எடுத்தது. கை பக்கத்தில் போகும், திரும்பி வரும். ஸ்டெல்லா என் பின்னால் நின்றுகொண்டு, "மெதுவாண்ணா, அவசரமே இல்ல" என்றாள். தொட்டேன். பிறகு மிதித்தேன். கடகடவென்று ஓடியது. காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

நின்றுவிட்டது. அங்கேயே, அப்போதே நின்றுவிட்டது.

திரும்ப மிதித்தேன். திரும்ப நிறுத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைக்காரம்மா டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார், அது ஆறிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் சொன்னபோது நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "இத எடுத்துக்கலாம் ஸ்டெல்லா" என்றேன்.

மெஷினை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆரம்பாக்கம் கொண்டுபோய் ஜன்னல் பக்கம் வைத்தோம். இப்போது அவள் பழகுகிறாள். முதலில் நூல் இல்லாமல் பிளெஸ்ஸியின் பழைய நோட்டுத் தாளில் ஓட்டினாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிட்டால் நூல் அறுந்துவிடும், அதற்கே அவளுக்குப் பேஜாரு. இப்போது அது சரியாகிவிட்டது. தலையணை உறை தைத்தாள், கோணலாக. அடுத்தது கோணல் குறைந்தது. கேன்டீன் வேலையை விட்டுவிட்டாள். லைனுக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் புடவைக்கு ஓரம் அடிக்கக் கொடுக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஆரம்பித்துவிட்டது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு மட்டும் உட்காருவதில்லை. பிளெஸ்ஸி அவளைக் காவல் காக்கிறாள். உன் மூக்கு அவளுக்கு, உன் பிடிவாதமும்.

கம்பெனியில் அந்த உருளைக்கு இப்போது கம்பி வலை போட்டிருக்கிறார்களாம். பழைய ஆள் ஒருவர் ரயிலில் பார்த்துச் சொன்னார். கேட்டதும் கோபம் வரும் என்று நினைத்தேன். பயம்தான் வந்தது. அந்த வலையைக் கழற்றிச் சுத்தம் செய்வார்களே, திருப்பி மாட்டுவார்களா?

எனக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன், திருகுகளை முடுக்கிப் பார்க்கிறேன். அவள் தைக்க உட்கார்ந்தால் வெளியே வந்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். கடகடவென்ற சத்தம் நிற்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். "இருக்கேண்ணா, நூலு மாத்துறேன்" என்று அவள் உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறாள்.

அவள் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கை நன்றாகப் பழகினால் இதற்கே ஒரு சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம் என்று. சர்ச்சில் தையல் சொல்லித் தருகிற அக்கா சொன்னாராம். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன் மச்சான். அவள் மோட்டார் கேட்கிற நாளில் ரயிலுக்கு டைமாச்சு என்று எழுந்து ஓட மாட்டேன். நானே வாங்கி வருவேன். பெல்ட்டுக்குத் தகடு அடித்து, மூடி மாட்டி, அதன் பிறகுதான் ஒயரைக் கொடுப்பேன். கை உதறும். உதறட்டும், மாட்டுவேன். அவள் முதல் தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் வெளியே போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்டெல்லாவுக்கு அண்ணனும் பிளெஸ்ஸிக்கு மாமனுமான
உன் மச்சான் சேகர்
திருப்பாச்சூர்